தாழம்பாயின் ஓரம்

லவீனியாவின் பாயை வெட்டியது நான்தான். கத்தரிக்கோல் கை தவறிப் போகவில்லை. முழு நினைவோடு, ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டு, ஓரங்களை நேராக நறுக்கி, கறுப்புச் சாட்டின் நாடா வைத்துத் தைத்தேன். கேட்காத வேலையைச் செய்து கொடுப்பதில் இந்தச் சட்டன் நகரம் முழுக்கத் தேடினாலும் என்னைப் போல ஒரு தையற்காரன் கிடைக்கமாட்டான்.

பாய் என்றால் படுக்கிற பாய் இல்லை. லவீனியா டொங்கா தீவுக்காரி. பக்கத்து முதியோர் இல்லத்தில் வேலை. அவர்கள் ஊரில் தாழை ஓலையைக் கடல் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் வெளுக்கவிட்டு, இழையாகக் கிழித்துப் பின்னுவார்களாம். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் அதை உடுப்புக்கு மேல் இடுப்பில் சுற்றிக் கட்டுவார்களாம். அவளுடைய மாமி, அப்பாவின் அக்கா, காலமாகிவிட்டார். சனிக்கிழமை அடக்கம். கட்டுகிற இடம் விட்டுப்போயிருக்கிறது, நாலு தையல் போட்டுத் தாருங்கள் என்று கேட்டிருந்தாள். நாலே நாலு.

ஆனால் அந்தப் பாயின் கோலம்! ஓரமெல்லாம் பிய்ந்து, நார்நாராகத் தொங்கியது. எங்கள் ஊரில் அப்படியொரு பாயில் நாய்கூட யோசித்துத்தான் படுக்கும். பாவம், நாலு பேர் முன்னால் இந்தப் பிள்ளை இதோடு நிற்பதா என்று என் நெஞ்சு இளகிவிட்டது. என் நெஞ்சு இளகும்போதெல்லாம் வேறு யாருக்கோதான் நட்டம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து விரித்துப் பார்த்தாள். விரலால் ஓரத்தை ஒரு சுற்றுத் தடவினாள். வடிவாக இருக்கிறது என்றாள். வெட்டிய துண்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டாள். குப்பை வண்டி காலையிலேயே வந்து போய்விட்டது என்றேன். அதற்கும் பரவாயில்லை என்றாள்.

ஏதும் பிழையோ என்று கேட்டேன். இல்லையாம். நாடா பிடிக்கவில்லையோ? நல்ல நாடாவாம். இருபத்தாறு வருடமாக இந்த வெள்ளைக்கார நாட்டில் 'பரவாயில்லை' கேட்டுப் பழகியவன் நான்; ஏதோ பெரிய பிழை என்றுதான் அதற்கு அர்த்தம். மாமியே எழும்பி வந்து தையலைப் பார்த்து மெச்சுவா என்று ஒரு பகிடி விட்டேன். மரியாதைக்குச் சிரித்தாள்.

அயர்ன் பண்ணிக்கொண்டிருந்த என் மனைவி சுசிலாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, அந்த வாயையும் ஒருக்காத் தைச்சு விடுங்கோ. பிள்ளை அழப்போகுது."

நான் மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தேன். மழுப்பாமல் சொல், இதைக் கட்டிக்கொண்டு நாளைக்குப் போக முடியுமா, முடியாதா என்று கேட்டேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னது என் காதில் எங்கள் தமிழாகவே விழுந்தது.

"ஏலாது. எங்கடை ஆக்களிலை அப்பான்ரை அக்காதான் எல்லாருக்கும் மேலை. அவ செத்தால் தம்பீன்ரை பிள்ளையள் கிழிஞ்ச பாய்தான் கட்டவேணும், அவவுக்குக் கீழை எண்டு காட்ட. அப்பா தன்ரை மாமிக்குக் கட்டினதும் இதைத்தான். இப்ப இதைக் கட்டினால் நான் மாமிக்குச் சமமாய் வந்து நிக்கிறன் எண்டு அர்த்தம். கட்டாமலும் போக ஏலாது. நான் நாளைக்குப் போகேல்லை."