எடைக்கு எடை வெல்லம்

விண்வெளியில் ஆறு மாதம் எடையே இல்லாமல் மிதந்துவிட்டு வந்த சிந்துஜாவை, தேவனாம்பட்டினம் அம்மன் கோயிலில் தராசுத் தட்டில் உட்கார வைத்தார்கள். அவள் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோது, பத்திரமாகத் திரும்பினால் எடைக்கு எடை வெல்லம் தருவதாக அம்மா மங்கலம் நேர்ந்துகொண்டிருந்தாள். அண்ணாமலை நகரில் படித்து, இந்தக் கரையிலிருந்து விண்வெளிக்குப் போன முதல் ஆள் என்று பேனர் கட்டிய ஊர் மொத்தமும் உள்ளே நெருக்கியடித்தது.

"நீ வேண்டிக்கிட்டப்போ அவ எடை சைபர்க்கா. வெல்லமே தேவையில்ல" என்றார் தாய்மாமன் சாமிக்கண்ணு.

"அம்மன்கிட்டயே பேரமாடா?" என்று சீறினாள் மங்கலம்.

எதிர்த்தட்டில் ஐம்பது கிலோ ஏறியது. சிந்துஜாவின் தட்டு தரையை விட்டு எழவே இல்லை. அறுபது. எழுபது. எண்பது! அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. போன வாரம்தான் டாக்டர் ஐம்பத்திரண்டு என்று எழுதி, நன்றாகச் சாப்பிடச் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் தட்டின் விளிம்பைப் பார்த்தாள். முப்பது வருஷமாக மீன் நிறுத்துப் போட்ட கை அதை அழுத்திக்கொண்டிருந்தது.

"மங்கலம், கைய எடு!" என்று அவளிடம் மீன் வாங்கும் பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். கோயிலே சிரிப்பில் அதிர்ந்தது. சிந்துஜா சிரித்த சிரிப்பில் தராசுச் சங்கிலி கலகலத்தது.

மங்கலம் மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு கையையும் எடுத்துத் தட்டின்மேல் வைத்தாள்.

"எடுத்தா மறுபடியும் மேல போயிடுவா" என்றாள்.