ஆள் அசைந்தால் எரியும் விளக்கு

காலை ஐந்து மணிக்கு ஜூலியா கையில் டேப்லெட்டுடன் நான்காம் மாடியில் நின்றாள். அந்த மாடியைத் துடைக்கும் கமலாதேவி மொப்பை நனைத்தாள். பல்கலைக்கழகத்துக்கு அரசு கொடுக்கும் பணம் குறைந்துவிட்டதாம். விரிவுரைகளில் கைவைக்காமல் துப்புரவுச் செலவைக் குறைக்கப் போகிறார்கள். ஒரு மாடிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறதென்று அளப்பது ஜூலியாவின் வேலை.

மூன்றாம் மாடியைத் துடைக்கும் சபாரத்தினம் அன்று மருமகனின் காரில் மூன்றரைக்கே வந்திருந்தார். கமலாதேவியின் முழங்கால் வீங்கியிருந்தது. அவளுடைய மூன்று மணி நேர வேலையில் பாதியை அவர் முடித்துவிட்டு, சத்தமில்லாமல் கீழே இறங்கிவிட்டார். அந்த அறைகளில் அவள் மொப்பை ஒருமுறை இழுத்தால் போதும்.

ஜூலியா ஒன்றரை மணி நேரம் என்று பதிந்தாள்.

மறுநாள் மூன்றாம் மாடிக்கு அளவு. சபாரத்தினம் கதவுகளைத் திறந்தபோது பாதி அறைகளில் குப்பைப் பைகள் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தன. தரையில் ஈரம் காயவில்லை.

"நான் உன்னைக் கேட்டனானே?" என்றார், உடைமாற்றும் அறையில்.

"நீங்கள் மட்டும் என்னைக் கேட்டோ செய்தனீங்கள், அண்ணை?"

"உந்தக் காலோட, டக்சி பிடிச்சு?"

"கால் என்ரை கால்தானே." கமலாதேவி சிரித்தாள்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. ஒரு மாடிக்கு ஒன்றரை மணி நேரம். இரண்டுக்கும் ஓராள் போதும். கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் போக வேண்டும்; அது சபாரத்தினம்.

"நான் போய் நடந்ததைச் சொல்லுறன்," என்றார் அவர்.

"சொன்னால் ஏமாத்தினதெண்டு ரெண்டு பேரையும் வேலையால கலைச்சுப் போடுவினம்." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்களுக்கு வேறை இடம் கிடைக்கும், அண்ணை."

"அறுபத்தொரு வயசிலயோ?"

அவள் முழங்கால் பட்டியை இறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் போய்ச் சொல்லவில்லை.

டிசம்பர் முதல் திங்கட்கிழமை, எட்டு மணிக்குச் சாவியை ஒப்படைக்கப் போனார். அந்தக் குளிர்நாட்டில் அந்த நேரத்திலும் இன்னும் விடியவில்லை. மாணவர்கள் கோப்பிக் கோப்பைகளோடு முற்றத்தைக் கடந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும், அசைவில்லாவிட்டால் சில நிமிடங்களில் அணைந்துவிடும். மூன்றாம் மாடி முழுக்க இருட்டு. நான்காம் மாடியில் ஒரு சன்னல் மட்டும் எரிந்தது; கமலாதேவி அங்கேதான் இருக்கிறாள்.

சபாரத்தினம் பனியில் நின்று அதையே பார்த்தார். சன்னல் அணைந்தது. அடுத்த சன்னல் எரியுமென்று காத்திருந்தார். எரியவில்லை.