பாத்திக்குப் பாத்தி போன குரல்

…குரல் போய்க்கொண்டிருக்கிறது, உப்பளத்தில் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு, தலையில் துண்டு கட்டிய ஒருத்தி வாயிலிருந்து இன்னொருத்தி வாய்க்கு, உப்பின் வெள்ளை கண்ணைக் குத்துகிறது, கச்சான் காற்று பாவாடையைப் பிடித்து இழுக்கிறது, நான் வரப்பில் நிற்கிறேன், பதினான்கு வயது, கையில் அம்மாவுக்குக் கொண்டுவந்த கஞ்சி வாளி, போகிற குரல் நான் சொன்னதுதான், சொல்லாமல் எத்தனை நாள் அதை விழுங்கிக்கொண்டிருந்தேன், சோற்றோடு விழுங்கினேன், வகுப்பில் உட்கார்ந்து விழுங்கினேன், அவன் ஒரு பாட்டுக்காரன், நேரில் பார்த்தவனல்ல, போனில் பாடுகிறவன், எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் அவனை அண்ணா என்போம், நான் எழுதிய கமெண்டை ஒருநாள் நேரலையில் வாசித்தான், தூத்துக்குடியிலிருந்து ஒரு தங்கச்சி என்றான், அன்றைக்கு என் கால் தரையில் படவில்லை, பிறகு தனியாக எழுதினான், சாப்பிட்டியா என்று, பரீட்சை எப்படி என்று, அம்மா உப்பு வாருகிறவள் என்பதை யாரிடமும் சொன்னதில்லை, அவனிடம் சொன்னேன், பாவம் உங்க அம்மா என்றான், நல்லவன் மாதிரி நடித்தான் என்று இப்போது சொல்லிவிடலாம், அப்போது நல்லவனாகவேதான் இருந்தான், அதுதான் அவன் பார்க்கிற வேலை, நீ மத்தவங்க மாதிரி இல்ல என்றான், நாம பேசுறது நமக்குள்ள இருக்கட்டும் என்றான், படிச்சதும் அழிச்சிடு என்றான், பாத்தியில் தண்ணீர் வற்றுவது கண்ணுக்குத் தெரியாது, அப்படித்தான் அம்மாவிடமிருந்தும் தோழிகளிடமிருந்தும் என்னைப் பிரித்தான், பிறகு ஒரு படம் கேட்டான், எந்தப் பிள்ளையிடமும் எவனும் கேட்கக் கூடாத படம், முடியாது என்றேன், அப்படின்னா நீ எழுதினதையெல்லாம் உன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன் என்றான், நாளைக்குள்ள என்றான்.

அந்த நாளைதான் இது, அம்மா பலகையால் உப்பை இழுத்துக்கொண்டே இருக்கிறாள், அளத்தில் பேச்சுக்காக யாரும் கையை நிறுத்துவதில்லை, காற்றுக்கு மேலே கத்தித்தான் பேசவேண்டும், ரகசியம் பேச உலகத்திலேயே தோதில்லாத இடம் அதுதான், நான் அங்கே போய் முணுமுணுக்கிறேன், என்னட்டி வாய்க்குள்ளயே பேசுத, சத்தமா சொல்லு என்கிறாள் அம்மா, ஒருத்தன் எங்கிட்ட அசிங்கமா படம் கேக்காம்மா, அனுப்பலன்னா மானத்த வாங்கிருவேங்கான், பலகை நின்றது, வேலை நேரத்தில் அது நின்று நான் பார்த்ததில்லை, அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன், எவன் மானத்தட்டி எவன் வாங்குதது, கேட்டவனுக்குல்லா மானம் போவணும், ஒனக்கென்ன வந்துச்சு, அம்மாவின் குரல்தான், கண்ணைத் திறந்தேன், உப்புக் கை என் கன்னத்தில் இருந்தது, எரிந்தது, அந்த எரிச்சல் அவ்வளவு சுகமாக இருந்தது. பக்கத்துப் பாத்தியிலிருந்து சண்முகக்கனி அத்தை, என்ன மதினி, பிள்ள அழுதா என்கிறாள், எங்கள் தெருவில் இதற்கு ஒரே பதில்தான் உண்டு, ஒண்ணுமில்ல என்று, அந்த ஒண்ணுமில்லைக்குள் எத்தனை பிள்ளைகளைப் போட்டு மூடியிருக்கிறோம், அம்மா என்னைப் பார்த்தாள், சொல்லட்டாட்டி, வேண்டாமா, நீ சொல்லுததுதான், நானே சொல்லுதேம்மா என்று திரும்பிக் கத்தினேன், இந்த முறை காற்று ஒரு பொருட்டாகவே இல்லை.

என்னது என்னது என்கிறாள் அதற்கடுத்த பாத்திக்காரி, அத்தை அவளுக்குக் கத்துகிறாள், பாட்டுக்காரன் ஒருத்தன் நம்ம மாரிக்கனி மககிட்ட படம் கேட்டு மெரட்டுதானாம், எவன் அந்தக் கரிமுடிவான், பேதியில போவான், ஒவ்வொரு பாத்தி தாண்டும்போதும் அவனுக்கு ஒரு புது வசவு சேர்கிறது, நான் சுமந்து வந்த அசிங்கம் என் கண்முன்னாலேயே அவன் தலையில் ஏறிக்கொண்டிருக்கிறது, படந்தான வேணும், என் படத்த அனுப்புங்கட்டி, பாத்துட்டே சாவட்டும், என்று முன்பல் போன உமையா சித்தி ஈறு தெரிய இளித்துக் காட்ட, சிரிப்பு அலையடித்து வரப்புகளைத் தாண்டியது, நானும் சிரித்தேன், அழுகை எந்த இடத்தில் சிரிப்பானது என்று இன்றுவரை தெரியவில்லை. குரல் கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேர்ந்தது, அங்கே உப்பு அம்பாரத்துப் பக்கம் யாரோ குனிந்து யாரிடமோ பேசுவது தெரிந்தது, பிறகு அங்கிருந்து ஒரு குரல் புறப்பட்டது, வாய்க்கு வாய் எங்களை நோக்கி, பூமயிலு மக கனகமணிக்கும் அதே பயதானாம், அவகிட்டயும் அதேதான் சொன்னானாம், நீ மத்தவங்க மாதிரி இல்லன்னு, இப்பத்தான் பிள்ள வாயத் தொறக்கா. நான் வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன், எதிரே வரப்பில் கனகமணி ஓடிவந்தாள், ஒரே தெருவில் இருந்துகொண்டு, ஒரே பயத்தைத் தனித்தனியாக வைத்திருந்த இரண்டு கழுதைகள், கட்டிக்கொண்டு நிற்கத் தெரியாமல் சேற்றில் விழுந்தோம்.

மத்தியானமே போலீஸ் ஸ்டேஷன், உப்பு காய்ந்த பாவாடைகளோடு அத்தனை பேரும், அவன் மிரட்டியதை நாங்கள் அழிக்கவில்லை, காட்டினோம், கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா, அளத்துக்காரிக்கு மெதுவாப் பேச வராது தாயி என்றாள் என் அம்மா, அவரும் சிரித்துவிட்டார், எழுதிக்கொண்டார், அவனைப் பிடித்தார்கள், வழக்கு இழுக்கிறது, இழுக்கட்டும், நாங்களும் விடுவதாயில்லை, ஆனால் கனவில் வழக்கு வருவதில்லை, காற்றுதான் வருகிறது, கண்கூசும் வெள்ளையில் குரல் போய்க்கொண்டிருக்கிறது, கடைசிப் பாத்தியில் அது நிற்பதில்லை, ரோட்டைத் தாண்டுகிறது, ரயிலைத் தாண்டுகிறது, நான் பார்க்காத ஊர்களில் முகம் தெரியாத பொம்பளைகள் அதை வாங்கி அடுத்தவளுக்குக் கத்துகிறார்கள், தூரத்தில் எங்கோ ஒரு சின்னப் பிள்ளை எழுந்து நிற்கிறாள், குரல் நடுங்குகிறது, ஆனாலும் இங்கே வரைக்கும் கேட்கிறது, எனக்குந்தான்க்கா.