காளையின் மீசை உட்கார்ந்த கம்பி

பரவை லைன்மேன் காளையின் மீசை, மின்கம்பியில் எங்கே பழுது வரப்போகிறதோ அந்தப் பக்கம் திரும்பி நிற்கும். வலது நுனி துடித்தால் இணைப்பு தளர்ந்திருக்கிறது, இடது நுனி துடித்தால் கம்பியைத் தாங்கும் பீங்கானில் விரிசல், இரண்டும் சேர்ந்து நட்டுக்கொண்டால் டிரான்ஸ்பார்மர் அருகே யாரும் நிற்கக் கூடாது. மீசை காட்டும் இடத்தில் அவன் முன்கூட்டியே ஏறிச் சரிசெய்ததால் ஒன்பது வருடமாகப் பரவையில் கரண்ட் போகவே இல்லை. மெழுகுவத்தி விற்றவர் ஊதுவத்திக்கு மாறிவிட்டார். புதிதாக வந்த பொறியாளர் பவதாரிணி, பலவீனமான இடங்களைக் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்து வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைப்பவர். முதல் வாரம் மீசையைப் பார்த்துச் சிரித்தார். நாற்பத்தொரு புள்ளியில் நாற்பதை மீசையும் காட்டியது. மிச்சம் ஒன்று, ஆயுத பூஜையன்று தாளில் சிந்திய குங்குமம் என்று தெரிந்ததும், மீசைக்கு விளக்கெண்ணெய் வாங்கிக் கொடுத்தார்.

வினை வீட்டிலிருந்து வந்தது. பதினோரு வருடம் பிள்ளையில்லாத காளையின் மனைவி முருகம்மாள், பிள்ளை பிறந்தால் புருஷன் தலைமுடியோடு மீசையையும் தருவதாகக் கீழக்குயில்குடி அய்யனாருக்கு நேர்ந்திருந்தாள். ரோகிணி பிறந்து ஒரு வயதும் ஆகிவிட்டது. நேர்த்திக்கடனைத் தள்ளிப்போட முருகம்மாளுக்குப் பயம்.

“என்னயக் கேக்காம என் மீசைய நேந்துட்டியேடி.”

“இம்புட்டு அழகு பிள்ளைக்கு வெறுந்தலைய மட்டும் குடுத்தா சாமி என்ன நெனைக்கும்?”

பவதாரிணி கெஞ்சினார். “அண்ணே, பிளஸ் டூ பரீட்சை நடக்குது. பிள்ளைக படிக்கணும். பத்து நாள் பொறுங்கண்ணே.”

“சாமிய எப்புடி மேடம் காக்க வைக்கிறது? போயிட்டு வாரேன்,” என்றான் காளை. அவனுக்கு மகளும் வேண்டும், மீசையும் வேண்டும், ஊருக்கு வெளிச்சமும் வேண்டும்.

அய்யனார் கோயிலில் சவரக்கத்தி பட்டதும் மீசை முழுசாகக் கழன்று, ரோகிணியின் தலையை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, பரவைப் பக்கம் பறந்தது. நாவிதர் கத்தியைத் துடைத்துக்கொண்டு காளையின் தலைக்குத் தண்ணீர் தெளித்தார். காளை மொட்டைத் தலையோடு ஊர் திரும்பியபோது மீசை மார்க்கெட் முனைக் கம்பியில் உட்கார்ந்திருந்தது. ஏறிப் பார்த்தான், இணைப்பு தளர்ந்திருந்தது. முடுக்கியதும் அது அடுத்த கம்பத்துக்குப் போனது. பரீட்சை முடியும்வரை ஒரு விளக்குகூட மினுங்கவில்லை.

இப்போது பரவைக்காரர்கள், “அண்ணே, மீச ஏழாம் கம்பத்துல இருக்கு,” என்று போன் போடுகிறார்கள். காக்காய்கள் அதற்கு இடம்விட்டு உட்காருகின்றன. காளைக்குப் புது மீசை முளைத்தது, டீ நுரை ஒட்டுவதைத் தவிர அதற்கு ஒரு வேலையும் தெரியாது. ரோகிணி முதன்முதலாக “அப்பா” என்று கூப்பிட்டது கம்பியில் இருந்த மீசையைப் பார்த்துத்தான். பக்கத்தில் நின்ற காளை அதற்கும் சேர்த்து, “என்ன தங்கம்?” என்றான்.