ஒக்தாவியின் கழுத்துக் கயிறு

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிரான்சில், எங்கள் மோர்வான் மலைப்பக்கத்து ஊரில் வியாழக்கிழமைதோறும் ஏழெட்டுப் பெண்கள் கூடிப் பழைய நாவல் படிப்போம். ஏழைகள் படும் பாட்டைச் சொல்லும் தடித்தடியான நாவல்கள். கடைசி அத்தியாயத்தில் யாராவது ஒரு பாவி திருந்துவான், நாங்கள் கைக்குட்டையை எடுப்போம். போன மாதம் எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது ஒதில் மட்டும் கேக் தின்றுகொண்டிருந்தாள். ரொட்டிக்கடையில் நாற்பது வருடம் நின்றவள். வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

"பாவம் பண்ணினவனுக்கு எல்லாப் புஸ்தகத்துலயும் மன்னிப்பு இருக்கு. ஒண்ணும் பண்ணாம மாட்டிக்கிட்டவளுக்கு என்ன இருக்கு?"

"நீயே எழுதேன்" என்றேன்.

"எனக்கு முட்டி வலி. நீ எழுது."

முட்டிக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காமல் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "1836ஆம் ஆண்டு அக்டோபரில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், அந்த ஏழை விதவை—"

(அடித்துவிட்டேன். மழையும் விதவையும் ஒரே வாக்கியத்தில் வந்தால் ஒதில் அடுத்த துண்டுக் கேக்கை எடுத்துவிடுவாள்.)

இரண்டாவது தொடக்கம்: "மருத்துவமனைச் சுவரில் ஒரு மரப்பெட்டி இருந்தது. வெளியே நிற்பவள் குழந்தையை அதில் வைத்துத் திருப்பினால் பெட்டி உள்பக்கம் போய்விடும். யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது."

இது நிற்கட்டும். அந்தப் பெட்டியில் வந்தவள்தான் ஒக்தாவி. கன்னியாஸ்திரிகள் பெயர் வைத்தார்கள். எழுத்தர் அன்செல்ம் அவள் கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, முடிச்சின்மேல் ஈய வில்லையை வைத்து நசுக்கினார். வில்லையில் ஓர் எண். பிறகு மலைமேல் பிலிபெர்த் என்பவளிடம் பால் கொடுத்து வளர்க்க அனுப்பினார்கள்.*

* கயிற்றை ஆறு வயது வரை அவிழ்க்கக் கூடாது. வளர்ப்பவள் செத்த குழந்தைக்குப் பதில் வேறொன்றைக் காட்டிக் கூலி வாங்கிவிடுவாளாம். தளர்வாகத்தான் கட்டுவார்கள். ஆனாலும் குழந்தைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வரும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

3

ஒக்தாவிக்கு ஐந்து வயதானபோது பொன்னுக்கு வீங்கி வந்தது. கழுத்து வீங்கிக் கயிறு சதையில் புதைந்தது. பிலிபெர்த் ஆட்டுமயிர் கத்தரிக்கும் கத்தரியை எடுத்து ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். ஒரு வாரத்தில் குழந்தை எழுந்து ஓடியது. வெட்டிய கயிறு அலமாரிக்குப் பின்னால் போனது.

இந்த பிலிபெர்த்தின்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் வரைவில் அவளைத் தேவதையாக எழுதியிருந்தேன். தேவதைகளைப் பக்கத்து வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. இப்போது அவள் கோபக்காரி. ஒக்தாவி சூப்பைக் கொட்டினால் முதுகில் ஒன்று வைப்பாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்துவாள். அவளுடைய சொந்தக் குழந்தை—

(இல்லை, அதைச் சொல்லப்போவதில்லை. ஒரு பெண் ஒரு குழந்தையிடம் பிரியமாக இருப்பதற்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை.)

அந்த இலையுதிர்காலத்தில் உத்தரவு வந்தது. பெட்டியில் போடுபவர்கள் பெருகிவிட்டார்களாம். பிள்ளை எங்கே வளர்கிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டே போடுகிறார்களாம். ஆகவே எல்லாக் குழந்தைகளையும் வண்டியில் ஏற்றி, யாருக்கும் யாரையும் தெரியாத வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட வேண்டும். கூலி வேண்டாம், நானே வளர்க்கிறேன் என்பவளிடம் விட்டுவைக்கலாம். ஆனால் அவளால் சோறு போட முடியும் என்று மேயர் கையெழுத்திட வேண்டும். புருஷன் இல்லாதவளுக்கு மேயர் கையெழுத்துப் போடவில்லை.

இதுவரை எழுதியதை ஒதிலுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன்.

"மேயரத் திருத்திடு, கதை முடிஞ்சுது" என்றாள்.

"அவர் திருந்துற ஆளாத் தெரியல."

"அப்போ எழுத்தரையா திருத்தப்போற? அவர அழ மட்டும் வைக்காதே. கவுன்ட்டருக்குப் பின்னால உக்கார்ந்திருக்கற யாரும் அழுது நான் பாத்ததில்ல."

4

அன்செல்ம் வண்டியோடு வந்தார். அந்த நாவல்களில் இவர் ஒன்று ராட்சசனாக இருப்பார், அல்லது மனத்துக்குள் மெழுகுவர்த்தி எரியும். நான் அவருக்கு ஜலதோஷமும் ஈரக் காலுறையும் மட்டும் கொடுத்திருக்கிறேன். நூற்றுக்கணக்கான கழுத்துகளில் கயிறு கட்டியவர். ஒரு முகமும் நினைவில்லை.

பிலிபெர்த் வெட்டிய கயிற்றை மேசைமேல் வைத்தாள்.

"புள்ள போன வாரம் போயிடுச்சுங்க ஐயா. தொண்ட வீக்கம்."

"எத்தன நாள் கெடந்துது?"

"நாலு நாளுங்க."

"நாலு நாளும் வைத்தியர் நெனப்பு வரலயா?"

"வரலைங்க. என் தப்புதான். எழுதிக்குங்க."

அவள் செய்யாத பாவம் அது. அந்த நான்கு இரவும் அவள் கண்மூடவில்லை. ஆனால் அப்படி எழுதிவிட்டால் இனி எந்தக் குழந்தையையும் அவளிடம் அனுப்ப மாட்டார்கள், அவளுக்கு வேறு பிழைப்பும் கிடையாது. தெரிந்துதான் சொன்னாள். வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நின்றார்கள். எல்லோருக்கும் உண்மை தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.*

* செத்ததற்குச் சாட்சி வேண்டாமா என்று கேட்பீர்கள். என் கதையின் எழுத்தர் கேட்பதில்லை. பெட்டிக் குழந்தைகளில் பாதிக்குமேல் சாகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். உயிரோடு இருப்பதற்குத்தான் கயிறும் வில்லையும் எண்ணும் வேண்டும்.

அன்செல்ம் பெஞ்சியில் கஷ்கொட்டை உரித்துக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தார்.

"இது?"

"என் தங்கச்சி மகளுங்க. மர்கோ."

"உன் பேரு என்ன பாப்பா?"

"மர்கோ."

"உங்கம்மா எங்க?"

"ஊர்ல இருக்காங்க. நான் பெரியம்மா வீட்டுக்கு வந்திருக்கேன். பனி கரைஞ்சதும் போயிடுவேன்."

திக்காமல், காலை முழுக்கச் சொல்லிக்கொடுத்ததை ஒரு சொல் மாறாமல் சொன்னாள். சொல்லிவிட்டு பிலிபெர்த்திடம் திரும்பினாள். கண்ணெல்லாம் பெருமை.

"சரியாச் சொன்னேனாம்மா?"

5

இதற்குமேல் நான்கு முடிவுகள் எழுதி நான்கையும் கிழித்தேன்.

முதல் முடிவில் அன்செல்ம் மண்டியிட்டுத் தானும் பெட்டியில் வந்தவன்தான் என்று— (ஒதில் என்னைக் கொன்றுவிடுவாள்.)

இரண்டாவதில் வண்டி கிளம்புகிறது, பிலிபெர்த் அடுத்த ஊர் வரை பின்னாலேயே ஓடுகிறாள். அப்படி ஓடியவர்கள் இருந்திருக்கலாம். அதை நான் ஒதிலுக்குப் படித்துக் காட்டவே இல்லை. ஒக்தாவியை எனக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது.

மூன்றாவதில் பாதிரியார் வந்து எல்லாவற்றையும் சரிசெய்கிறார். பாதிரியாரை நான் கதைக்குள் விடவே இல்லை, இப்போது மட்டும் எப்படி வருவார்?

நான்காவதை ஒரு வாக்கியத்தோடு விட்டுவிட்டேன்: "அன்செல்ம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, காது கேட்காதவர்போல்—"

இந்த வாக்கியத்தை முடிக்கத்தான் ஆசை. பதிவேடு மேசையில் விரிந்திருக்கிறது. ஒக்தாவியின் பெயருக்கு எதிரே ஒரே ஒரு கட்டம் காலி. உயிரோடு இருக்கிறாள் என்று எழுதினால் அவள் வண்டியில் ஏற வேண்டும். இறந்துவிட்டாள் என்று எழுதினால் இந்த அடுப்பருகே, இந்தப் பெஞ்சியில் வளர்வாள். ஆனால் நாளைக்கு வேலைக்குப் போகவோ கல்யாணம் செய்துகொள்ளவோ அவள் பெயரில் ஒரு காகிதமும் இருக்காது. யாராவது கேட்டால் மர்கோ என்பாள். ஒக்தாவி என்று ஒருத்தி இருந்ததே இல்லை என்றாகிவிடும்.

பேனாவை மையில் தோய்த்து அன்செல்ம் கையில் கொடுத்துவிட்டேன். அவளோ பாதி உரித்த கஷ்கொட்டையோடு, யாராவது "கெட்டிக்காரி" என்று சொல்வார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொண்டே அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை. உங்களுக்கு அவள்மேல் பிரியம் இருந்தால் நீங்கள் எழுதுங்கள், இறந்துவிட்டாள் என்று. சீக்கிரம். வண்டிக்காரன் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டான்.