மூன்றாம் தடுப்பில் ஒரு கெஸ்ட்

அக்கா அடிக்கும் கோல்ஃப் பந்து வலப்பக்கம் போகும். எப்போதாவது இல்லை, பத்துக்கு ஆறு. இதை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. ஒவ்வொரு பந்தும் எந்தத் திசையில் கிளம்பியது, எவ்வளவு சுழன்றது, எங்கே விழுந்திருக்கும் என்று ரேடார் அளந்து அனுப்பும். அதைத் திரையில் புள்ளிகளாக்கி, அடித்தவரின் பழக்கத்தைக் கண்டுபிடிப்பதுதான் பயிற்சிக் கூடத்தில் என் வேலை. அக்கா எனக்கு வைத்த பெயரே 'புள்ளி'.

சனிக்கிழமை கிளப்பின் பெண்கள் அணிக்குத் தேர்வு. எங்கள் கூடத்திலேயே, தேர்வாளர் முன்னால் முப்பது பந்து அடிக்க வேண்டும். இருப்பது ஒரே இடம். இரண்டு வருடமாக அது அக்காவுக்குக் கை நழுவிக்கொண்டே போகிறது. "இந்தத் தடவையும் இல்லைன்னா மட்டையெல்லாம் வித்துடுவேன்," என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அதனால் தினமும் மாலையில் டேப்லெட்டோடு அவள் முதுகுக்குப் பின்னால் கண்கொத்திப் பாம்பாக நின்றேன்.

"இப்ப?" என்பாள்.

"நாலு டிகிரி வலது."

"இப்ப?"

"அஞ்சு. நல்லவேளை வலை கட்டியிருக்கு. இல்லைன்னா பக்கத்துத் தெருவுல போய்ப் பொறுக்கணும்."

செவ்வாய்க்கிழமைதான் அந்த ஆளைப் பார்த்தேன். ஆளை அல்ல, புள்ளிகளை. பெயர் பதியாமல் அடிப்பவர்களை மென்பொருள் 'கெஸ்ட்' என்று எழுதிக்கொள்ளும். ஆளுக்கொரு தடுப்பாகப் பிரித்த கூடத்தில் மூன்றாம் தடுப்பு, காலை ஆறேகால் மணி. கூடம் ஆறு மணிக்கே திறந்துவிடும், நான் பத்து மணிக்குத்தான் போவேன். அந்த கெஸ்ட்டின் புள்ளிகள் ஒரு கைக்குட்டையால் மூடிவிடலாம் போல ஒன்றாகக் கிடந்தன. முந்தின வாரமும் அதே நேரம், அதே தடுப்பு, அதே நேர்த்தி. யார் இது? கேள்வி மண்டையைக் குடைந்தது.

கதவு திறக்கும் காவலாளியைக் கேட்டேன். "தொப்பி போட்டவங்க," என்றார். அங்கே வருகிறவர்கள் எல்லோருமே தொப்பி போட்டவர்கள்தான்.

இரவுச் சாப்பாட்டின்போது அக்காவிடம் படத்தைக் காட்டினேன். "பாரு, பேரு கூடப் போடாம என்னமா அடிக்கிறாங்க! இவங்க கால்ல விழுந்தாவது கத்துக்கோ."

அக்கா தட்டிலிருந்து நிமிரவில்லை. "அவங்களுக்குத் தங்கச்சி இருக்க மாட்டா."

"கிண்டலுக்குக் குறைச்சலில்ல. காலையில வாக்கிங்னு ஊரைச் சுத்துறதுக்கு, நீயும் ஆறு மணிக்குப் போய் அடிக்கலாம்ல?"

"யோசிக்கிறேன்," என்று எழுந்துபோனாள்.

வியாழக்கிழமை வேறொரு யோசனை வந்தது. பந்து எங்கே போனது என்பதை விட்டுவிட்டு, எப்போது அடிக்கப்பட்டது என்று கெஸ்ட்டின் பந்துகளை நேரப்படி வரிசையாக வரைந்தேன். ஏழு புள்ளிகள், பிறகு ஒன்றரை நிமிடம் வெற்றிடம். மறுபடி ஏழு, மறுபடி வெற்றிடம். எத்தனை நாளை எடுத்தாலும் அப்படியே.

அக்காவுக்கு உள்ளங்கை வியர்க்கும். ஏழு பந்துக்கு ஒருமுறை கையுறையைக் கழற்றி, கையைத் துடைத்து, மறுபடி மாட்டுவாள். நேரம் வீணாகிறது என்று நானே எத்தனை முறை கத்தியிருக்கிறேன். மட்டையைத் தூக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் இருவருக்கும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே ஆள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் பொரிந்தேன். "கெஸ்ட் நீதானே? ஏன் சொல்லல?"

"சொன்னா அங்கயும் வந்து நிப்பே." அவள் குரலில் கோபம் இல்லை. "நீ பின்னாடி நின்னா, பந்து எங்க போகணும்னு நான் நினைக்கிறதில்ல, புள்ளி. நீ என்ன நம்பர் சொல்வியோன்னுதான் நினைப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பெயரில் பதிவான ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் நான் நின்றிருக்கிறேன். ஒரு மாதமாக நான் வரைந்தது அவளுடைய பழக்கத்தை அல்ல, நான் இருந்தால் அவள் என்ன ஆகிறாள் என்பதை.

சனிக்கிழமை ரேடாரைப் போட்டு, டேப்லெட்டைத் தேர்வாளரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் காலணி மாற்றும் பெஞ்சில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். பந்தின் சத்தம் மட்டும் கேட்டது. எண்ணினேன். ஏழு, பிறகு மௌனம். இன்னொரு ஏழு. எங்கே போகிறது, வலதா, நேரா? பதினாறு வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. எழுந்து, கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு நொடி. மட்டை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று உட்கார்ந்துவிட்டேன்.

முப்பதும் முடிந்து வெகுநேரம் கழித்து அக்கா வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "மட்டையை விக்கல," என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

"விடு, விடு. இப்ப நீ பாக்கலாம்," என்று டேப்லெட்டை நீட்டினாள். மேலே கெஸ்ட் இல்லை, அக்காவின் பெயர். கைக்குட்டையால் மூடிவிடலாம் போல இருபத்தொன்பது புள்ளிகள். ஒன்றே ஒன்று மட்டும் வெகுதூரம் தள்ளி, வலப்பக்கம். அதைத் தொட்டேன். பந்து எண் பதினேழு என்றது திரை.

அக்கா கையுறையால் என் தலையில் தட்டினாள்.

"கதவுக் கண்ணாடியில உன் மூக்கு தெரிஞ்சுது."