கண்ணாடியில செதுக்குன கோடு

கலைமணியப் பத்தி எவளாவது ஒரு வார்த்த தப்பாப் பேசினா சண்டைக்குப் போனவ நான். இப்ப அவ பேரக் கேட்டாலே வயிறு எரியுது. எரியாம என்ன செய்யும்? நடந்ததச் சொல்லுதேன், நீங்களே சொல்லுங்க.

எம் பேரு இசக்கிசெல்வி. ஊரு கடையநல்லூர்ப் பக்கம். டிப்ளமா முடிச்ச கையோட, ராத்திரி முழுக்க பஸ்ல வந்து, வல்லம் வடகால்ல ஒரு ஸ்கோப் கம்பெனியில காண்ட்ராக்ட்ல சேந்தேன். துப்பாக்கி மேல ஒரு குழாய் மாட்டி அதுவழியா குறி பாப்பாங்கல்லா, அதான் ஸ்கோப்பு. உள்ள பாத்தா சிலுவ மாதிரி கோடு தெரியும். அந்தக் கோடு, சட்டைப் பித்தான் அளவுல இருக்க ஒரு கண்ணாடியில செதுக்கினது. அதுக்கு ரெட்டிக்கிள்னு பேரு. ஷிப்ட் முழுக்க அந்தக் கண்ணாடிய மைக்ராஸ்கோப்புல வச்சு, தூசி இருக்கா, கோடு எங்கயாவது ஒடஞ்சிருக்கான்னு பாக்கது என் வேலை. பாத்து முடிச்சா சுவத்துல இருக்க சின்னக் கதவு வழியா அந்தப் பக்கம் தள்ளிருவேன். அப்புறம் அத எங்கன கொண்டு மாட்டுதாங்கன்னு எனக்கு ஒரு எழவும் தெரியாது.

கலைமணி கடைசி டெஸ்டிங்ல இருந்தா. முழுசா முடிஞ்ச ஸ்கோப்பத் திருப்பித் திருப்பிப் பாத்து பாஸ் போடுதது அவ வேலை. வல்லம்தான் அவளுக்குச் சொந்த ஊரு. அவ வீட்டு மாடி ரூம்லதான் நான் வாடகைக்கு இருந்தேன். பேருதான் வாடகை. காய்ச்சல்னு படுத்தா அவ அம்மா பாப்பம்மாள் அத்தை கஞ்சியோட மாடியேறி வந்துருவாங்க. கலைமணியும் நானும் ஒரே தட்டுல தின்னோம், ஒரே ஸ்கூட்டியில வேலைக்குப் போனோம். லைன்ல எங்களப் பாத்து, "ரெண்டுக்கும் சேத்து ஒரே பஞ்ச் கார்டு குடுத்துரலாம்"னு கேலி பண்ணுவாங்க.

அந்த வருஷம் கம்பெனி ஒரு ரைபிள் டீம் ஆரம்பிச்சுது. தூரத்துக் குறி சுடுத போட்டிக்கு நம்ம ஸ்கோப்ப நம்ம ஆளுங்களே கொண்டு போனா வெளிநாட்டுக்காரன் மதிப்பானாம். பொம்பளையில ஒரே ஒரு இடம். அந்த இடம் கெடைக்கவளுக்கு பர்மனன்ட் ஆர்டர். நூறு பேரு பேரு குடுத்து, வடிகட்டி வடிகட்டி, கடைசியில நின்னது நானும் கலைமணியும்.

எனக்கு காண்ட்ராக்ட் அந்த மாசத்தோட முடியுது. பர்மனன்ட் ஆகலேன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயி கொம்பையா அத்தானுக்குக் கழுத்த நீட்டணும். அந்த மனுசன் என்னைய "சோடாபுட்டி"ன்னுதான் கூப்பிடுவாரு. வேற பேரே அவருக்குத் தெரியாது. அம்மை போன்ல, "வேலை நிக்கிம்னா சொல்லு, இல்லேன்னா ஆவணியில முடிச்சிருதேன்"ன்னுட்டா. ஆக, நான் இங்கன இருக்கதா அங்கன போவதான்னு அந்த ஒரு போட்டிதான் சொல்லணும்.

எங்களுக்குச் சொல்லிக்குடுத்தவரு கோதண்டம் சார், போலீஸ்ல துப்பாக்கிப் பயிற்சி குடுத்து ரிட்டயர் ஆனவரு. ஞாயித்துக்கெழம தோறும் ஒரு பழைய கல்குவாரியில சுடுவோம். தோட்டா தூரம் போகப் போகக் கீழ எறங்கும். அதனால துப்பாக்கிய குறிக்கு மேல தூக்கிப் பிடிக்கணும். எவ்வளவு தூக்கணும்னு சொல்லத்தான் சிலுவைக்குக் கீழ படிப்படியா சின்னக் கோடுக இருக்கு. நூறு மீட்டருக்கு இந்தக் கோடு, இருநூறுக்கு அந்தக் கோடுன்னு மனப்பாடம் பண்ணிக்கிடணும். நாங்க பழகின ஸ்கோப்பு பழசு, அதுல ஜூமே கெடையாது. ஆனா கடைசிப் போட்டிக்கு ஜூம் வச்ச புதுசுல ஒண்ணு எடுத்துக்கிடுங்கன்னு சார் மேசையில ரெண்டு ஸ்கோப்ப வச்சாரு.

"ரெண்டும் ரெண்டு மாதிரி ரெட்டிக்கிள். ஆளுக்கு ஒண்ணு, நீங்களே பேசி எடுத்துக்கோங்க. நீங்க செய்யற சாமானைப் பத்தி உங்களுக்கு நான் என்னம்மா சொல்றது?"ன்னு டீ குடிக்கப் போயிட்டாரு. அவரு என்ன கண்டாரு, நான் கண்ணாடியத் தவிர ஒண்ணும் காணாதவன்னு!

ரெண்டையும் கண்ணுல வச்சுப் பாத்தேன். முழு ஜூம்ல ரெண்டும் அச்சடிச்ச மாதிரி ஒண்ணா இருந்துச்சு. ஜூமத் திருப்புனேன். ஒண்ணுல படம் சின்னதாகும்போது கோடும் சேந்து சுருங்குச்சு. இன்னொண்ணுல படம் மட்டும் சுருங்குது, கோடு வச்ச எடத்துல வச்ச மாதிரி நிக்கி. எனக்கு கோடு அசையாததுதான் மனசுக்குப் புடிச்சுது. அளக்குத கோலே நீண்டு சுருங்குனா எவன் நம்புவான்?

இருந்தாலும் கலைமணியக் கேட்டேன். "ஏளா, நீதான டெஸ்டிங்ல கெடக்க. எது நல்லது?"

"இதுல இன்னா கீது யோசிக்க? அசையாதத எடுத்துக்க. இன்னொண்ணு ஜூம் ஏத்த ஏத்த ஊதிக்கினே வரும், கடைசில கோடே குறிய மறச்சுடும். நூறு தபா பாத்துக்கீறேன்."

"அப்ப நீ?"

"ரெண்டுதானே கீது. நான் அட்ஜஸ் பண்ணிக்கிறேன். நல்லது உன்கிட்ட இருக்கட்டும்டி."

எனக்குக் கண்ணு கலங்கிட்டு. கோட்டிக்காரி நான், அவளக் கெட்டிப்பிடிச்சு முத்தம் குடுத்தேன்!

"மத்தியான வெயில்ல கானல் ஆடும். அப்போ ஜூம பாதியா கொறச்சுக்கோ, படம் தெளிவா தெரியும்"ன்னா.

"கொறச்சா இந்தக் கோட்டுக் கணக்கு மாறாதுல்லா?"

"கண்ணாடில செதுக்குன கோடு எங்கடி மாறும்? நீயே தெனம் பாத்துக்கினு கீற."

ஆமாமா, தெனம் பாக்கேன். அந்தக் கோடு மாறவே மாறாதுன்னு கோயில்ல சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணியிருப்பேன். அன்னைக்கே முழு ஜூம்ல வச்சு ரெண்டு பேரும் சுட்டுப் பாத்தோம். எல்லாத் தூரத்துக்கும் எனக்குக் கோடு கச்சிதமா ஒக்காந்துச்சு.

போட்டியன்னைக்கு கத்திரி வெயிலு. குவாரிக்குள்ள பாறையெல்லாம் கொதிக்கி. கலைமணி முதல்ல சுட்டா. சுமாருதான், பழக்கத்துல நான் இதவிட எத்தனையோ வாட்டி நல்லா சுட்டிருக்கேன். அப்புறம் நான் படுத்தேன். கிட்டத்துக் குறி அட்டைக்கு நடு சிலுவையிலயே சுட்டேன். தூரத்து அட்டையப் பாத்தா தண்ணிக்குள்ள கெடக்க மாதிரி நெளியுது. அவ சொன்ன மாதிரியே ஜூமப் பாதிக்குக் கொறச்சேன். படம் நின்னுச்சு. மூச்சப் புடிச்சு, மனப்பாடமா வச்சிருந்த கோட்டுல அட்டைய ஒக்கார வச்சு, ஒண்ணொண்ணா விட்டேன். கை ஆடல, மனசும் ஆடல. எந்திரிக்கும்போது, அம்மைக்கு இப்பவே போன் போடலாமான்னுதான் நெனப்பு.

அட்டையெல்லாம் கொண்டு வந்தாங்க. கிட்டத்து அட்டையில நடுவுல பொத்தல். நூறு மீட்டர்ல எல்லாம் மேல் ஓரத்துல. இருநூறு மீட்டர் அட்டை, கடையில இருந்து இப்பத்தான் வாங்கிட்டு வந்த மாதிரி இருந்துச்சு. ஒரு பொத்தல் இல்ல.

கோதண்டம் சார் என் துப்பாக்கிய வாங்கிப் பாத்தாரு. "ஏம்மா, ஜூமைப் பாதியில வச்சா சுட்டே? இது கோடு அசையாத ரகமாச்சே! முழு ஜூம்ல மட்டும்தான் இந்தக் கோட்டுக்குக் கணக்கு. படம் பாதியாச் சுருங்கி கோடு சுருங்கலைன்னா, ஒரு கோடு ரெண்டு கோட்டு வேலையைப் பண்ணிடும். எல்லாம் அட்டைக்கு மேல பறந்திருக்கு. படத்தோட சேர்ந்து கோடும் சுருங்குதே, அதுலதான் எந்த ஜூம்லயும் கணக்கு மாறாது."

கலைமணியப் பாத்தேன். அவ தரையப் பாத்தா.

சாருக்கு மனசு கேக்கல. "கலைமணி, நீ டெஸ்டிங் பொண்ணு. இது இவளுக்குத் தெரியாதுன்னா சொல்லு, இன்னொரு ரவுண்டு குடுத்துடறேன்"ன்னாரு.

ஒரு வார்த்தை. 'நான் சொல்லல சார்'னு ஒரு வார்த்தை போதும். அவ என் தோள்ல கையப் போட்டா. "சொன்னேன் சார். ஜூம் கொறைக்காதன்னு ரெண்டு தபா சொன்னேன். டென்சன்ல மறந்துட்டா போலகீது, பாவம்."

பாவமாம்! அந்தக் கையத் தட்டிவிட்டேன். "பொய் சொல்லுதா சார்! இவதான் கொறைக்கச் சொன்னா!"ன்னு கத்துனேன். சாரு மூஞ்சி மாறிட்டு. "தோத்துட்டா கூட இருக்கறவளைக் குத்தம் சொல்லக் கூடாதும்மா"ன்னு அட்டையச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

சாயங்காலம் மாடியில துணியப் பையில திணிச்சிக்கிட்டு இருந்தேன். கலைமணி வந்து வாசல்ல நின்னா.

"தெரிஞ்சுதான் செஞ்சேன்"ன்னா. "கம்பெனி நிக்கிறதே எங்கப்பா நெலத்துல. வூட்டுக்கு ஒரு பர்மனன்ட் வேலன்னு சொல்லித்தான் எழுதி வாங்கினாங்க. இன்னிக்கி வரைக்கும் காண்ட்ராக்ட்லயே ஓட்டிக்கினு கீறாங்க. எங்கேந்தோ வந்த நீ பர்மனன்ட் ஆய்டுவ, நான் நின்னு கை தட்டணுமா?"

"இத என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா? வுட்டுக் குடுத்திருப்பியா?"

வாயத் தொறந்தேன். கொம்பையா அத்தான் மூஞ்சிதான் முன்னால வந்துச்சு.

"மாட்டேன்"ன்னேன்.

"அப்பால இன்னா பேச்சு?"

"விட்டுக் குடுத்திருக்க மாட்டேன்ட்டி. நேருக்கு நேரா நின்னு சுட்டிருப்பேன். தோத்திருந்தா ஒன் மடியிலயே விழுந்து அழுதிருப்பேன். அப்படித் தோத்திருந்தா எனக்கு வேலை மட்டுந்தான் போயிருக்கும்."

அவ கண்ணுல தண்ணி பொங்கிட்டு. இருக்கட்டும், எனக்கென்ன. பையத் தூக்கிக்கிட்டு எறங்கினேன். கீழ பாப்பம்மாள் அத்தை கேசரி கிண்டிக்கிட்டு இருந்தாங்க. "எங்கடி கெளம்பிட்ட? அவளுக்கு வேல கெடச்சுதாமே! ஒரு வாய் துன்னுட்டுப் போ"ன்னாங்க. பாவம், அவங்களுக்கு ஒண்ணும் தெரியல.

"எதுக்குக் கெளம்புதேன்னு ஒங்க மகளக் கேளுங்க அத்தை. ஒங்ககிட்டயாவது அவ உள்ளதச் சொல்லட்டும். சொல்லிட்டான்னா நீங்க வந்து கூப்பிடுங்க, நான் வந்து தின்னுதேன்"ன்னேன்.

பஸ் ஸ்டாப்புல நின்னேன். வந்த பஸ்ஸையெல்லாம் போக விட்டேன். தெரு முக்கையே பாத்துக்கிட்டு நின்னேன். யாரும் வரல.